உங்களுக்குத் தெரியுமா? வரியை முடிப்பவர் யார்?

அச்சுப் புத்தகத்தில் ஒரு வரி எங்கே முடிய வேண்டும் என்பதை யாரோ ஒருவர், ஒரே ஒரு முறை முடிவு செய்திருப்பார். மின்னூலில் நீங்கள் எழுத்தைப் பெரிதாக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த முடிவு புதிதாக எடுக்கப்படுகிறது. இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து கிளைத்த சேதிகள் இவை.

எழுத்து: 12 புள்ளி

தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றின் தொடக்கத்தில் 'நூல் விவரம்' என்று ஒரு பக்கம் இருக்கும். அளவு டெம்மியா கிரௌனா, தாள் எத்தனை கிலோ, பக்கம் எத்தனை, எழுத்து எத்தனை புள்ளி என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். மின்னூலுக்கு இந்தப் பட்டியலைக் கொடுத்தால் பாதிக்கு மேல் காலியாகவே கிடக்கும். தாள் கிடையாது. பக்க எண்ணிக்கை கருவிக்குக் கருவி மாறும். எழுத்தின் அளவோ வாசகர் வைத்ததுதான்.

அந்தப் புள்ளி எவ்வளவு?

கணினி அச்சில் ஒரு புள்ளி என்பது 1/72 அங்குலம். 12 புள்ளி எழுத்து என்றால் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு. ஆனால் இது எழுத்தின் உயரம் அல்ல. ஈய அச்சுக் காலத்தில் எழுத்து உட்கார்ந்திருந்த கட்டையின் உயரம். ஈயம் போய்விட்டது, கணக்கு மட்டும் போகவில்லை. ஒரே 12 புள்ளியில் ஒரு எழுத்துரு குண்டாகவும் இன்னொன்று பொடியாகவும் தெரிவது இதனால்தான். மின்னூல் செய்பவர்கள் புள்ளியை விட்டுவிட்டு 'எம்' என்ற அளவைப் பிடித்துக்கொண்டார்கள். வாசகர் தேர்ந்தெடுத்த எழுத்தளவுதான் ஒரு எம். தலைப்புக்கு 1.5 எம் என்று கொடுத்தால், பாட்டி படித்தாலும் பேரன் படித்தாலும் தலைப்பு மற்ற எழுத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கும்.

மின்னூலுக்குள் ஒரு குட்டி இணையதளம்

பூட்டுப் போடாத ஒரு இபப் (EPUB) மின்னூல் கோப்பின் பெயரில் வால்பகுதியை மட்டும் 'ஜிப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள். அத்தியாயத்துக்கு ஒன்றாகச் சில இணையப் பக்கங்கள், படங்கள், தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பு ஒன்று என்று உள்ளே ஒரு குட்டி இணையதளமே சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். 2007-ல் இந்த வடிவத்தை வகுத்த அமைப்பு, 2017-ல் இணையத்துக்கே விதிமுறைகள் எழுதும் டபிள்யூ3சி-யோடு இணைந்துவிட்டது. வரி எங்கே முடியும் என்பது மட்டும் அந்தக் கோப்புகள் எதிலும் இருக்காது.

கத்திக்கொண்டு பிறந்த முதல் மின்னூல்

1971 ஜூலை 4 அன்று, இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹார்ட் என்ற மாணவர் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைக் கணினியில் தட்டச்சு செய்தார். மின்னூல்களை இலவசமாகத் தரும் குட்டன்பர்க் திட்டத்தின் தொடக்கம் அது. முழுப் பிரகடனமும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலேயே இருந்தது, இன்றைய இணைய வழக்கில் அது கத்துவதற்குச் சமம். சின்ன எழுத்துகளைக் கையாளும் வசதி அவர் தட்டிய இயந்திரத்தில் இல்லை. பெரிது, சிறிது என்ற பேதமே இல்லாத தமிழுக்கு இந்தத் தொல்லை வந்திருக்காது. நமக்கு வாய்த்த தொல்லைகள் வேறு. அவை பின்னால் வருகின்றன.

290 அச்சுகள் எதற்கு?

1455-ஐ ஒட்டி ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் குட்டன்பர்க் அச்சிட்ட விவிலியத்துக்கு '42 வரி விவிலியம்' என்றே பெயர். பெரும்பாலான பக்கங்களில் ஒரு நெடுவரிசைக்கு 42 வரிகள். லத்தீன் மொழிக்கு வேண்டிய எழுத்துகள் சில டஜன்தான். அவர் வைத்திருந்ததோ ஏறக்குறைய 290 வகை அச்சுகள். ஒட்டிப் பிறந்த இரட்டை எழுத்துகள், குறுக்கங்கள், ஒரே எழுத்துக்கு அகலமும் ஒடுக்கமுமாக வெவ்வேறு அச்சுகள். வரியில் இடம் மிஞ்சினால் அகலமானதைக் கோப்பார். நெருக்கினால் குறுக்கத்தைப் போடுவார். சொற்களுக்கு நடுவே பள்ளம் விழாமல் வலது ஓரம் நேர்க்கோடாக நின்றது இப்படித்தான்.

புரூஃப் பார்த்து நொந்துபோன பேராசிரியர்

1977-ல் டொனால்ட் கனூத் தம்முடைய கணினி நூலின் இரண்டாம் பாகத்துக்கு மறுபதிப்புப் புரூஃப் பார்த்தார். ஈய அச்சிலிருந்து ஒளியச்சுக்கு மாறியிருந்த பக்கங்கள் அவருக்குச் சகிக்கவில்லை. தாமே ஒரு மென்பொருள் எழுத உட்கார்ந்தார், அதுதான் 'டெக்'. வரியை மட்டும் பார்த்து உடைக்காமல், பத்தி முழுவதையும் ஒருசேரப் பார்த்து எங்கெங்கே உடைத்தால் மொத்தத்தில் அழகு என்று கணக்கிடும் வழியை அவரும் மைக்கேல் பிளாஸும் 1981-ல் வெளியிட்டார்கள். டெக்கின் பதிப்பு எண் 3.14, 3.141 என்று 'பை'யை நோக்கி நகர்கிறது. தம் காலத்துக்குப் பிறகு அதை முழுப் 'பை'யாக்கி நிறுத்திவிடச் சொல்லியிருக்கிறார்.

எட்டு வருடம் காத்திருந்த இடைக்கோடு

கிண்டில் என்ற மின்னூல் கருவி 2007 நவம்பரில் வந்தது. வலது ஓரத்தைச் சமன் செய்யும். ஆனால் நீண்ட சொல்லை இடைக்கோடு போட்டு உடைக்காது. விளைவு, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே வெள்ளைப் பள்ளங்கள். மேல் வரிப் பள்ளமும் கீழ் வரிப் பள்ளமும் சேர்ந்து பக்கத்தின் குறுக்கே ஓடினால் ஆங்கில அச்சுக்காரர்கள் அதை 'ஆறு' என்பார்கள். 2015-ல் 'புக்கர்லி' என்ற புதிய எழுத்துருவோடு, இடைக்கோடு போடத் தெரிந்த புதிய வரியமைப்பும் வந்த பிறகே பல ஆறுகள் வற்றின. பத்தி முழுவதையும் பார்க்கும் கனூத்தின் கணக்கு அதற்கு 30 வருடங்களுக்கு முன்பே அச்சாகியிருந்தது.

பேசிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்

மேலே இருப்பது ஒரே சொல், 18 எழுத்து. செல்போன் திரையில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் ஒரு முழு வரியையும் அதுவே எடுத்துக்கொள்ளும். விகுதியும் உருபும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும் தமிழில் இரு ஓரமும் சமன் செய்வது ஆங்கிலத்தைவிடப் பெரிய பாடு. செய்தித்தாள்கள் இடைக்கோடுகூடப் போடாமல் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளிவிடுகின்றன. அதற்கும் ஒரு மரியாதை உண்டு: புள்ளி வைத்த எழுத்து வரியின் தலையில் வரக் கூடாது. சொல்லுக்கு முதலில் மெய் வராது என்பது தொல்காப்பியக் காலத்து விதி. கம்போசிட்டர் அதை வரிக்கும் நீட்டிக்கொண்டார். 'தலைவர்' இந்த வரியிலும் 'கள்' அடுத்த வரியிலும் போய் நின்றால் அது வேறு கதை. அதைப் பார்த்துச் சிரித்துத் திருத்த அச்சகத்தில் ஆள் உண்டு. நிரலுக்குச் சிரிப்பு வராது. தமிழ் மின்னூலுக்கு இடது ஓரத்தை மட்டும் நேராக வைத்து, வலது ஓரத்தை அதன் போக்கில் விட்டுவிடுவதே பல நேரம் நல்லது.

வரிகளுக்கு நடுவே ஈயம்

இரண்டு வரிகளுக்கு இடையே உள்ள வெளிக்கு ஆங்கிலத்தில் ஈயத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அச்சுக் கோக்கும்போது வரிகளுக்கு நடுவே மெல்லிய ஈயப் பட்டைகளைச் செருகியதால் வந்த பெயர். தமிழுக்கு இந்த வெளி கூடுதலாகவே வேண்டும். 'கி', 'வீ' மேலே கொக்கி போடும். 'ழு', 'கூ' கீழே சுழிக்கும். ஆங்கிலத்துக்கு வகுத்த இடைவெளியை அப்படியே தமிழுக்குப் போட்டால், மேல் வரியின் சுழி கீழ் வரியின் புள்ளியில் போய் இடிக்கும்.

ஒற்றையாய் நிற்கும் வரி

பத்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தின் உச்சியில் தனியாகப் போய் நிற்பதை ஆங்கில அச்சகங்களில் 'விதவை' என்றும், முதல் வரி மட்டும் பக்கத்தின் அடியில் தங்கிவிடுவதை 'அநாதை' என்றும் சொல்வார்கள். அச்சில் இதற்கு மருந்து எளிது: பத்தியில் ஒரு சொல்லை வெட்டினால் போதும், வரி மேலேறிவிடும். எழுத்தாளரே உட்கார்ந்து வெட்டிக் கொடுப்பதும் உண்டு. மின்னூலில் எந்தச் சொல்லை வெட்டுவது? ஒருவர் திரையில் ஒற்றையாய் நிற்கும் வரி, இன்னொருவர் திரையில் குடும்பத்தோடு இருக்கும். குறைந்தது இரண்டு வரியாவது சேர்ந்து நிற்கட்டும் என்று கோப்பில் கட்டளை எழுதி வைக்கலாம். அதைக் கேட்பதும் கேட்காததும் கருவியின் விருப்பம்.

ஃபாரத்தின் மிச்சம்

அச்சில் பக்கங்கள் 16, 16-ஆகத்தான் பிறக்கும். பெரிய தாளின் ஒரு பக்கத்துக்கு எட்டு, மறுபக்கத்துக்கு எட்டு. மடித்தால் ஒரு ஃபாரம். கதை 155-ஆம் பக்கத்தில் முடிந்தால் 160 வரைக்கும் ஐந்து பக்கம் மிஞ்சும். 'எங்கள் பிற வெளியீடுகள்' பட்டியல் பல புத்தகங்களில் இடம்பிடித்தது இப்படித்தான். 161-ஆம் பக்கத்தில் முடிந்தால் இன்னும் சுவாரசியம்: ஒரு பக்கத்துக்காக ஒரு ஃபாரம் கூடுமே என்று வரிகளை நெருக்கி 160-க்குள் அடக்கப் பார்ப்பார்கள். மின்னூலுக்கு மிச்சமும் இல்லை, நெருக்கடியும் இல்லை.

கொல்லமும் பாலாடைக்கட்டியும்

இந்தியாவில், இந்திய எழுத்திலேயே அச்சேறிய முதல் மொழி தமிழ். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கம்தான். பின்னாளில் தரங்கம்பாடி அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-ல் வந்து சேர்ந்தன. எழுத்து பெரிது, தாளோ பற்றாக்குறை. புதிய ஏற்பாட்டை அச்சிடச் சின்ன எழுத்து தேவைப்பட்டது. இங்கிலாந்திலிருந்து செஷயர் பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கி அந்தச் சின்ன எழுத்தை வார்த்தார்கள் என்று தரங்கம்பாடி அச்சகத்தின் கதை சொல்கிறது. எழுத்தைச் சிறிதாக்க ஒரு காலத்தில் உலை மூட்ட வேண்டியிருந்தது.

'கொ' எத்தனை எழுத்து?

ஈய அச்சில் 'கொ' என்பதைக் கோக்க மூன்று கட்டைகள் வேண்டும்: கொம்பு, க, கால். இடமிருந்து வலமாக, கண்ணுக்குத் தெரியும் வரிசையில். கணினியின் பொது எழுத்துக்குறியீடான யூனிகோடில் இரண்டே குறியீடு: முதலில் 'க', அடுத்து 'ஒ'கரக் குறி. காது கேட்கும் வரிசை இது. சேமித்த 'ஒ'கரக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது திரையில் காட்டும் மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத பழைய கருவிகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் அநாதையாகத் தொங்கியதைப் பார்த்த வாசகர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிண்டில் கடையில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளின் நூல்களுக்கு அதிகாரபூர்வமாக இடம் கிடைத்தது 2016 டிசம்பரில்தான்.

அம்மாவுக்குள் ஒரு அரைப்புள்ளி

யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்திருந்தால், கோப்புக்குள் உண்மையில் இருப்பது எம், கே என்ற ஆங்கில எழுத்துகள், ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, கடைசியில் எச். எழுத்துரு மேலே தமிழ் வேஷம் கட்டியிருக்கும். தாளில் அச்சடிக்க வேஷம் போதும். மின்னூலில் வாசகர் எழுத்துருவை மாற்றியதும் வேஷம் கலைந்துவிடும். பேஜ்மேக்கர் மென்பொருளின் கடைசிப் பதிப்பு வந்தது 2001-ல். அதில் வடிவமைத்துக் கிடக்கும் பழைய தமிழ் நூல்களை மின்னூலாக்க முதல் வேலை, ஒவ்வொரு எழுத்தையும் யூனிகோடுக்கு மாற்றுவது. இரண்டாவது, மாற்றியதை மனிதர் ஒருவர் வரி வரியாகப் படித்துப் பார்ப்பது.

கண்ணுக்கு ஒன்று, தேடலுக்கு இரண்டு

'கௌரி' என்று எழுத ஔகாரக் குறி இருக்கிறது. அவசரத்தில் சிலர் 'கெ'வை அடித்துப் பக்கத்தில் 'ள'வைத் தட்டிவிடுவார்கள். தாளில் இரண்டும் ஒன்றுபோலத்தான். மின்னூலில் தேடிப் பாருங்கள்: ஒரு கௌரி கிடைப்பாள், இன்னொருத்தி கிடைக்க மாட்டாள். 'ஸ்ரீ'யின் கதையும் அதுதான். 2005-ல் யூனிகோடில் 'ஶ' சேர்ந்த பிறகு 'ஸ்ரீ'யை இரண்டு வழியில் எழுதலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அச்சுக் காலத்துப் பிழைகள் கண்ணில் குத்தும். மின்னூல் காலத்துப் பிழைகளில் பல ஒளிந்துகொள்ளும்.

யானைத் துதிக்கை திரும்பி வருமா?

1978-க்கு முன் அச்சான புத்தகங்களில் 'லை', 'ணை', 'னை' ஆகியவை தலைமேல் துதிக்கை தூக்கியிருக்கும். பெரியார் 1930-களிலேயே 'குடிஅரசு' இதழில் கையாண்ட சீர்திருத்த எழுத்துகளை, 1978-ல் எம்.ஜி.ஆர் அரசு ஆணையாக்கியது. அச்சுக்கூடம் வைத்திருக்க வேண்டிய கட்டைகள் குறைந்தன. யூனிகோடில் இரண்டு 'லை'க்கும் ஒரே குறியீடுகள்தான். ஆகவே பழைய வடிவங்கள் வரைந்த எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், நேற்று எழுதிய நாவலும் 1950-ல் அச்சான மாதிரி தெரியும். ஒரு எழுத்தைக்கூடத் திருத்த வேண்டாம்.

சாயத் தெரியாத தமிழ்

1501-ல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ், ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் நூலைக் கையடக்க அளவில், முழுக்கச் சாய்வெழுத்தில் அச்சிட்டார். எழுத்தை வெட்டிக் கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அழுத்திச் சொல்லச் சாய்வெழுத்து என்ற வழக்கம் பிறகு வந்தது. அது கையெழுத்தின் சாயலில் தனியாக வரைந்த வடிவம். தமிழில் அப்படி ஒரு மரபு வேர்விடவில்லை. பெரும்பாலான எழுத்துருக்களில் சாய்வு வடிவமே கிடையாது. மின்னூலில் நீங்கள் பார்க்கும் தமிழ்ச் சாய்வு, நேர் எழுத்தைக் கணினி பிடித்துத் தள்ளியது. விளம்பரத் தட்டி காற்றில் சாய்ந்த மாதிரி.

167, 300, 2400

முதல் கிண்டிலின் திரையில் அங்குலத்துக்கு 167 புள்ளி. எழுத்தின் மெல்லிய கோடுகள் அதில் உடைந்து தெரியும் என்பதால், எல்லாக் கோடும் ஏறக்குறைய ஒரே தடிமனாக இருக்கும் 'சிசீலியா' எழுத்துரு அதற்குப் பொருந்தியது. 2014-ல் 300 புள்ளித் திரை வந்தது. அச்சுத் தகடு எடுக்கும் இயந்திரமோ சாதாரணமாக 2400 புள்ளியில் வேலை செய்கிறது. கிண்டிலின் மின்மை (இ-இங்க்) திரைக்கும் ஒரு பெருமை உண்டு: பக்கம் மாறும்போதுதான் மின்சாரம் கேட்கும். முன்விளக்கை அணைத்துவிட்டால், திறந்து வைத்த பக்கத்தை எத்தனை மணி நேரம் காட்டிக்கொண்டிருந்தாலும் செலவில்லை.

பக்க எண் தொலைந்தபோது

பக்கமே நிலையில்லாதபோது பக்க எண் எப்படி? முதல் கிண்டில் பக்க எண்ணை விட்டுவிட்டு 'இடம் 1204' என்பது போல ஒரு கணக்கை வைத்தது. பாடப்புத்தகம் படிக்கும் மாணவர்களுக்கும் வாசகர் வட்டங்களுக்கும் இது ஒத்துவரவில்லை. 2011-ல் அச்சுப் பதிப்பின் பக்க எண்களையே மின்னூலுக்குள் பதித்துத் தரத் தொடங்கினார்கள். இல்லாத தாளின் எண்ணை இருக்கிற திரையில் காட்டும் ஏற்பாடு.

28 பக்கக் கதை, 50 வாசகர்கள்

2019-ல் நார்வே ஆய்வாளர் ஆன் மாங்கனும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரே 28 பக்க மர்மக் கதையை 25 பேர் தாளிலும் 25 பேர் கிண்டிலிலும் படித்தார்கள். கதை புரிந்ததா என்ற பெரும்பாலான சோதனைகளில் இரு தரப்பும் ஒன்றுபோலவே செய்தார்கள். எது முதலில் நடந்தது, எது பிறகு என்று வரிசைப்படுத்தச் சொன்னபோது தாளில் படித்தவர்கள் முந்தினார்கள். இடது கையில் கனத்தும் வலது கையில் மெலிந்தும் வரும் தாள்கள் மனதுக்கு ஒரு வரைபடம் போட்டுக் கொடுக்கின்றன என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

பிரதிக்குப் பிரதி மாறிய பக்கம்

லாரன்ஸ் ஸ்டெர்னின் 'டிரிஸ்ட்ரம் ஷாண்டி' நாவலின் மூன்றாம் பாகம் 1761-ல் வந்தது. அதில் ஒரு தாளில் எழுத்தே இல்லை. பளிங்குபோல வண்ணம் ஓடும். அந்த வண்ணத்தைப் பிரதிக்குப் பிரதி கையால் போட்டார்கள் என்பதால் எந்த இரண்டு பிரதியும் ஒன்றல்ல. மின்னூலில் இது தலைகீழ்: அந்த வண்ணப் பக்கம் எல்லாருக்கும் ஒரே படம், மற்ற பக்கங்கள்தான் ஆளுக்கு ஆள் வேறு.

குறளுக்கு எத்தனை வரி?

முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று, இரண்டு வரி. சின்னத் திரையில் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அது நாலாகும். ஐந்தாகவும் ஆகலாம். கவனமாக மின்னூல் செய்பவர்கள், உடைந்து இறங்கும் சீர்களைக் கொஞ்சம் உள்தள்ளி வைக்கச் சொல்லிக் கோப்பில் எழுதிவிடுவார்கள். அடி எது, ஒடிந்த துண்டு எது என்று கண் பிரித்துக்கொள்ளும். இந்தச் சங்கடத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஓலைச்சுவடியில் செய்யுளுக்கு வரி பிரிக்கும் வழக்கமே கிடையாது. சொல்லுக்கு நடுவே இடைவெளி இல்லை, பெரும்பாலும் புள்ளியும் இல்லை. ஓலை தீரும்வரை எழுத்து ஓடும். அடி எங்கே முடிகிறது என்பதை எதுகையும் சீரும் காதுக்குச் சொல்லின. நாம் இன்று பார்க்கும் இரண்டு வரி, சுவடி அச்சேறியபோது கண்ணுக்குக் கிடைத்த சலுகை. திரையில் குறள் ஐந்து துண்டாகிவிட்டால் வாய்விட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். வரி எங்கே முடிகிறது என்று அதுவே சொல்லும்.